ரெட்டைக் கையெழுத்து

— மூணு மாசமா மஞ்சக்காமாலை, மஞ்சக்காமாலைன்னுட்டு, இப்ப வந்து "அது மஞ்சக்காமாலை இல்லக்கா"ன்னா என்ன டீச்சர் அர்த்தம்?

— அதாவது... அது வேற.

— வேறன்னா? உங்க பொண்ணோட மஞ்சக்காமாலைக்காக இந்தக் கட்டடத்துத் தண்ணித் தொட்டியை ரெண்டு தடவை கழுவியிருக்கோம். மேல் மாடி வக்கீல் பேண்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டிக்கிட்டு உள்ள இறங்கினாரு. அந்த மனுஷன் வாழ்க்கையில செஞ்ச ஒரே உடல் உழைப்பு அதுதான்.

— தெரியும்க்கா. கழுவியே ஆகணும்னு சங்கத்துல மேஜையைத் தட்டினது நீங்கதானே?

— நான்தான். பின்ன? ஆஸ்பத்திரி சிஸ்டருக்கே காமாலைன்னா எங்க கதி என்னன்னு கேட்டேன். சரி, வாசல்லயே நிக்க நீங்க என்ன பால் பாக்கெட்டா? உள்ள வாங்க. அந்த முக்காலி வேணாம், நாற்காலியில உக்காருங்க.

— இந்த முக்காலி ஏன் கதவுக்குப் பின்னாடியே கிடக்கு?

— எனக்கு முட்டி வலி. கதவு ஓட்டை வழியா எவ்வளவு நேரம்தான் நின்னுக்கிட்டே பாக்கறது?

— கடவுளே. ஒத்துக்கறீங்க பாருங்க, அதைச் சொல்லணும்.

— டெலிபோன் ஆபீஸ்ல முப்பது வருஷம் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தவ நான். ரிட்டயர் ஆனதும் காதுக்கு வேலை போச்சு. கண்ணுக்காவது வேலை வேணாமா? ஸ்கூலுக்கு இன்னைக்கு லீவா?

— அரை நாள். மதியத்தோட வந்துட்டேன். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில கூட்டம். அவ மேடையில பேசறா.

— நம்ம சிஸ்டரா? மேடையிலயா? லிஃப்டுல ஏறினா பொத்தானைத் தவிர யாரையும் பாக்காத பொண்ணு!

— அவதான். டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன், துப்புரவு ஆளுங்க, எல்லாரும் வராங்களாம். முன் வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்காளாம்.

— அப்ப மூணு மணிக்கு இங்க என்ன பண்றீங்க? போங்க, தலையைச் சீவுங்க.

— போக முடியல. அவ ஒரு கண்டிஷன் போட்டிருக்கா. அதாவது, நான் அங்க வரணும்னா, வரதுக்கு முன்னாடி இந்தத் தெருவுல ஒருத்தர்கிட்டயாவது நடந்ததை என் வாயால சொல்லிட்டு வரணும். இல்லன்னா வரவே வேணாம்ங்கறா. "நீ முந்தானையால முகத்தை மூடிக்கிட்டு முன் வரிசையில உக்காந்தா, நான் பேசறதுக்கு அர்த்தம் இல்லம்மா"ங்கறா.

— ரோஷக்காரி. அந்த ஒருத்தரா என்னைப் பிடிச்சீங்களாக்கும்?

— உங்க பேரைச் சொன்னதே அவதான். "எதிர்வீட்டு அக்காகிட்ட சொல்லு"ன்னா. எனக்கே முதல்ல கோவம். அக்காகிட்ட சொன்னா ஒருத்தர்கிட்ட சொன்னதா ஆகாதேடி, ஊருக்கே மைக் போட்ட மாதிரில்லன்னு கேட்டேன். சிரிக்கறா.

— இதைப் பாராட்டா எடுத்துக்கறேன். சரி, லைன்ல இருங்க, நானே கண்டுபிடிக்கறேன். காதல்தானே?

— இல்ல.

— வேற மதமா?

— காதலே இல்லன்னு சொல்றேன், அதுல என்னக்கா மதம்?

— அப்ப சஸ்பெண்ட். மருந்து எதையாவது மாத்திக் குடுத்துட்டா.

— என் பொண்ணா? மருந்தை மாத்தியா? அக்கா, வேற என்ன வேணா சொல்லுங்க, அதை மட்டும் சொல்லாதீங்க! அவளுக்கு ஆஸ்பத்திரியில பட்டப்பேரே ரெட்டைக் கையெழுத்து.

— கோவத்தைப் பாரு! ராங் நம்பர், மன்னிச்சுக்கோங்க. அப்ப வெளிநாட்டுக்குப் பரீட்சை எழுதறா. கமுக்கமா ஒருநாள் ஏறிப் போயிடப் போறா.

— கொஞ்சம் பேசாம இருந்தா நான் சொல்லிடுவேன்!

— மூணு மாசம் பேசாமத்தானே இருந்தேன், அப்ப சொன்னீங்களா?

— நீங்களா? பேசாமயா? காலைல மணி அடிப்பீங்க, ஊசி நூல் இருக்கான்னு. பதினோரு மணிக்குக் கத்தரிக்கோல். மதியம் செல்போன்ல எழுத்து சின்னதாயிடுச்சு, பெரிசாக்கிக் குடுன்னு. இடைவேளையில ஸ்கூல்லேர்ந்து நான் போன் போட்டா, "எதிர்வீட்டு அக்கா வந்திருக்காங்கம்மா, அப்புறம் பேசறேன்"னு வச்சிடுவா. டாக்டர் அவளை ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கார், நீங்க என்னடான்னா தினமும் வந்து கதவை உடைக்காத குறை!

— பொழுது போகலை டீச்சர்.

— ஞாயித்துக்கிழமை நான் வந்து திறந்தாலும், என் தலைக்கு மேல எட்டி "சிஸ்டர் எங்க"ம்பீங்க. இருக்கான்னு சொன்னாலும் போக மாட்டீங்க. அவ வந்து மூஞ்சியைக் காட்டினாத்தான் போவீங்க.

— உங்க மூஞ்சியை எத்தனை வருஷமா பாக்கறேன்! சரி, திட்டி முடிச்சீங்களா? தண்ணி குடிங்க.

— அக்கா, நான் கணக்கு டீச்சர். விடை தப்பா இருந்தாலும் பரவால்ல, வழியைக் காட்டினா மார்க்குன்னு சொல்லிச் சொல்லியே வளர்ந்தவ... வளர்த்தவ. பொய் சொன்ன பிள்ளைங்களைப் பெஞ்சு மேல ஏத்தியிருக்கேன். நானே மூணு மாசம் பொய் சொன்னேன். அதுவும் என்ன பொய்! காமாலை! கண்ணு மஞ்சளா இருக்கான்னு யாராவது பாத்தா தீந்தது.

— நான் பாத்தேன். வெள்ளை வெளேர்னு இருந்தது. எனக்கெதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்.

— நீங்க? வம்புன்னு விட்டீங்க?

— வயசாயிடுச்சுல்ல. சொல்லுங்க.

— என் பொண்ணுக்கு... அதாவது அவளுக்கு மனசு...

— ம்.

— மனசு சரியில்லாம... இல்ல. அப்படிச் சொல்லக் கூடாதுன்னுட்டா. பூசி மெழுகாதம்மான்னுட்டா.

— பூசாதீங்க. செங்கல்லைக் காட்டுங்க.

— என் பொண்ணு செத்துப்போகணும்னு நினைச்சாக்கா.

— உங்க பொண்ணு செத்துப்போகணும்னு நினைச்சா. சரியாக் கேட்டேனா?

— மெதுவாக்கா, ஜன்னல் திறந்திருக்கு.

— சரியாக் கேட்டேனா டீச்சர்?

— சரிதான். ஏன் அப்படித் திருப்பிக் கேட்டீங்க?

— பழக்கம். எங்க ஆபீஸ்ல நம்பரைத் திருப்பிச் சொல்லாம லைன் குடுக்கக் கூடாது. அழுங்க, பரவால்ல. அந்த முந்தானை ஈரமானா வேற புடவை நான் தரேன்.

— அழல. இது அழுகை இல்ல. மூணு மாசமா இது இங்க, தொண்டையில, மாத்திரை மாதிரி நின்னுக்கிட்டு இருந்தது. இறங்கிடுச்சு. அவளும் இதையேதான் சொன்னா, வார்டுல சொன்ன அன்னைக்கு. "இறங்கிடுச்சும்மா"ன்னா.

— யார்கிட்ட சொன்னா?

— கூட வேலை பாக்கற பொண்ணுகிட்ட. கிராப்பு வெட்டியிருப்பாளே, ஸ்கூட்டர்ல வருவா.

— பச்சை ஹெல்மெட். தெரியும். முதல் மாசம் முழுக்க உங்க வீட்டுலதானே கிடந்தா. அவளும், இன்னும் ரெண்டு பேரும். ஒருத்தி மாடி ஏறி வந்து செருப்பைக் கழட்டினாத்தான் இன்னொருத்தி செருப்பை மாட்டுவா. இதென்னடா, வீடா, ரயில்வே கேட்டான்னு நினைச்சேன்.

— அது அவங்க வார்டு வழக்கம்க்கா. டியூட்டி முடிஞ்சாலும், அடுத்த ஆள் கட்டில் பக்கத்துல வந்து நின்னு, நோயாளியைக் கண்ணால பாத்து, "எடுத்துக்கிட்டேன்"னு சொல்ற வரைக்கும் முதல் ஆள் நகரக் கூடாது. வீட்டுலயும் அப்படியே செஞ்சாங்க. என் பொண்ணைக் கை மாத்திக் கை மாத்தி. "ராத்திரி ரெண்டு மணி நேரம் தூங்கினா, பாதித் தட்டு சாப்பிட்டா, ஒரு தடவை சிரிச்சா, எடுத்துக்கோ." "எடுத்துக்கிட்டேன்." என் வீட்டு ஹால்ல! நான் ஒரு ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். பெத்தவ நான், அந்த வீட்டுல பயிற்சிக்கு வந்தவ மாதிரி.

— பெத்தவங்களுக்கு யாரு டியூட்டி கத்துக் குடுத்தா? ரெட்டைக் கையெழுத்துன்னீங்களே, அது என்ன?

— சில மருந்து இருக்காம், ஒரு துளி கூடினாலும் ஆபத்து. அதையெல்லாம் ஒரு நர்ஸ் தனியா குடுக்கக் கூடாது. இன்னொருத்தர் வரணும். மருந்தைப் பாத்து, அளவைப் பாத்து, நோயாளியைப் பாத்து, வாய்விட்டுச் சொல்லணும். அப்புறம் ரெண்டு பேரும் கையெழுத்து. விதி என்னவோ இதுதான். ஐ.சி.யூ. அவசரத்துல நிறையப் பேர் மருந்தைக் குடுத்துட்டு, டீ குடிக்கும்போது, "ஏய், இதுல ஒண்ணு போடு"ன்னு கையெழுத்து வாங்கிப்பாங்களாம்.

— எங்க ஆபீஸ்ல வருகைப் பதிவேடே அப்படித்தான் ஓடிச்சு.

— இவ மாட்டா. பெரிய டாக்டர் "குடும்மா சீக்கிரம்"னு கத்தினாலும், "இன்னொருத்தர் வரட்டும் சார்"னு கையைக் கட்டிக்கிட்டு நிப்பா. அதுக்குத்தான் அந்தப் பேரு. கேலியா வச்சாங்க. "ரெட்டைக் கையெழுத்து வருது, டீயைக் கீழ வை"ம்பாங்களாம். இவளுக்கும் தெரியும். கண்டுக்க மாட்டா.

— அம்மா கணக்கு டீச்சர்னா பொண்ணு வேற எப்படி இருக்கும்?

— அன்னைக்கு டியூட்டி முடியற நேரம். கிராப்புக்காரி வந்து எல்லாக் கட்டிலையும் எடுத்துக்கிட்டா. இவ கிளம்ப வேண்டியதுதான். கிளம்பல. அவ கையைப் பிடிச்சு, "இன்னும் ஒண்ணு இருக்கு. இதை நான் தனியா கையாளக் கூடாது. ரெண்டாவது ஆள் வேணும்"னா. அவ என்ன மருந்துன்னு கேட்டிருக்கா. "மருந்து இல்ல. நான் உயிரோட இருக்க வேணாம்னு நினைக்கிறேன். ஒரு வாரமா. திருப்பிச் சொல்லு"ன்னா.

— அந்தப் பொண்ணு?

— சின்னப் பொண்ணுக்கா அது. முகம் செத்துப்போச்சாம். ஆனா பாருங்க, "சே, அப்படில்லாம் பேசாத"ன்னு சொல்லல. "உனக்கென்ன குறை"ன்னு கேக்கல. அழல. "நீ உயிரோட இருக்க வேணாம்னு நினைக்கிற, ஒரு வாரமா. சரியாக் கேட்டேனா?"ன்னா. இவ சரின்னா. "நான் கேட்டேன். இனிமே இது நம்ம ரெண்டு பேர் பொறுப்பு"ன்னுட்டுப் பிடிச்ச கையை விடவே இல்லையாம். ஒத்தைக் கையாலயே போனை எடுத்து ஹெட் சிஸ்டரைக் கூப்பிட்டா. அவங்க வந்து பக்கத்துல உக்காந்து, "எடுத்துக்கிட்டேன்"னு சொன்னப்புறம்தான் அந்தக் கையை விட்டிருக்கா. அன்னைக்கே மனநல டாக்டரைப் பாத்தாச்சு.

— சரியான லைன், சரியான ஆளுக்குப் போச்சு. பாதியில கட் ஆகல.

— சாயங்காலம் ஹெட் சிஸ்டர் என் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்து விஷயத்தைச் சொன்னப்ப எனக்கு என்ன வந்தது தெரியுமா? கோவம். பக்கத்து ரூம்ல படுத்திருக்கேன், பெத்த தாய், என்கிட்ட சொல்லாம எவளோ ஒருத்திகிட்ட சொல்லியிருக்காளேன்னு. கேட்டேவிட்டேன்.

— என்ன சொன்னா?

— "உன்கிட்ட சொன்னா நீ திருப்பிச் சொல்லியிருக்க மாட்டம்மா. என் வாயைப் பொத்தியிருப்ப"ன்னா.

— நம்ம சிஸ்டர் ஊசி வலிக்காதுன்னு சொன்னவங்க யாரு?

— நிஜம்தானேக்கா? அடுத்த நாள் காலைல நான் செஞ்ச முதல் வேலையே மஞ்சக்காமாலையைக் கண்டுபிடிச்சதுதான். நீங்க மாடிப்படியில நின்னு "சிஸ்டர் டியூட்டிக்குப் போகலையா"ன்னீங்க. என் வாய்க்கு வந்தது காமாலை. ஒரு நர்ஸோட அம்மா, ஒட்டாத வியாதியை மறைக்க, ஊரே பயப்படற வியாதியைச் சொல்லியிருக்கேன். இந்தத் தப்பை வேற யாராவது பண்ணுவாங்களா?

— பண்ணுவாங்க. எங்க பெரியப்பா மகன் கடனுக்குப் பயந்து அம்மைன்னுட்டான். நிஜமாவே அம்மை வந்துச்சு. அதை விடுங்க. எதனால டீச்சர்? என்ன குறை அவளுக்கு?

— பாத்தீங்களா, நீங்களே கேக்கறீங்க.

— கேக்காம இருந்தா எனக்கு ஜுரம் வந்திடும்.

— நானும் அதைத்தான் டாக்டர்கிட்ட கேட்டேன். ஒரு காரணம் சொல்லுங்க, நான் தீத்து வச்சிடறேன்னேன். "கணக்கு மாதிரி ஒரே விடை கிடையாதும்மா, மழை ஊறின சுவரை எந்தத் துளி சாய்ச்சதுன்னு சொல்ல முடியாது"ன்னார். ஆளில்லாம டபுள் டியூட்டி. கண்ணு முன்னாடி போற உயிருங்க. போன உயிரோட சொந்தக்காரங்க இவளைப் பாத்துக் கத்தறது. அதே ஷிப்டுல அடுத்த கட்டிலுக்குப் போயி, "எப்படி இருக்கீங்க"ன்னு சிரிக்கறது. வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. நான் வெளிய நின்னு, "தண்ணி வீணாகுதுடி"ன்னு கத்துவேன். தண்ணி வீணாகுதாம், தண்ணி.

— எனக்கும் அந்தச் சத்தம் கேக்கும்.

— போன வருஷம் அவங்க மயக்க மருந்து டாக்டர் இறந்தாரே, ஞாபகம் இருக்கா?

— நாப்பது வயசுக்காரர். மாரடைப்பு.

— மாரடைப்பு இல்ல.

— ஓ.

— ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லல. குடும்பத்துக்கு நல்லதுன்னு சொல்லல. இவ என்ன சொல்றான்னா, "அந்த மாதிரி நினைப்பு எனக்கு வந்தப்ப, இந்த ஆஸ்பத்திரியிலயே எனக்கு மட்டும்தான் வருதுன்னு நினைச்சேம்மா. அவருக்கும் வந்ததுன்னு யாராவது வாய் திறந்து பேசியிருந்தா, நான் முதல் நாளே யாரையாவது கூப்பிட்டிருப்பேன். அவருக்கு முன்னாடி யாராவது பேசியிருந்தா, அவரும் கூப்பிட்டிருப்பார். அங்க ஒரு மாரடைப்பு, இங்க ஒரு மஞ்சக்காமாலை. நீங்கள்லாம் சேர்ந்து எங்களைப் பொய்யிலயே படுக்க வச்சிட்டீங்க"ன்னா. சாப்பிட்டுக்கிட்டே சொன்னா. நான் தட்டை அப்படியே வச்சிட்டேன்.

— அதைத்தான் இன்னைக்குப் பேசறாளா?

— அதேதான். பேரைச் சொல்லி, முகத்தைக் காட்டி. எனக்கு என்ன பயம்னா, கல்யாணம் காட்சி எல்லாம் அப்புறம். இந்தத் தெருவுல யாருக்குப் புண்ணுக்குக் கட்டு போடணும்னாலும், ஊசி போடணும்னாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டறாங்க. நாளைக்கு இது தெரிஞ்சா? "அவ மனசே சரியில்ல, அவ கையில ஊசியா"ன்னு கையை இழுத்துக்கிட்டாங்கன்னா? வேலையை விட வேற ஒண்ணும் தெரியாதவ அவ. அந்தக் கை சும்மா கிடந்தா என்ன ஆவா?

— ஆஸ்பத்திரியில என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க. திரும்ப டியூட்டிக்குப் போய் ரெண்டு வாரம் ஆகுதுல்ல? வெள்ளை ஷூ வாசல்லேர்ந்து காணாமப் போனது அப்பத்தானே?

— ஷூ கூடவா! சரி. அதாவது, முதல்ல ஆபீஸ்ல ஒரு மேஜை வேலை குடுக்கறோம், பேப்பர் பாத்துக்கிட்டு இருன்னாங்களாம். நல்ல எண்ணத்துலதான். இவ, "எனக்கு வந்தது வியாதி, தண்டனை இல்லையே"ன்னு கேட்டிருக்கா. டாக்டரும் வேலைக்குப் போகலாம், ராத்திரி டியூட்டி மட்டும் இப்போதைக்கு வேணாம்னு சொல்லிட்டார். வாரா வாரம் அவரைப் பாக்கறா, மாத்திரை சாப்பிடறா. சில நாள் ரொம்ப நல்லா இருப்பா. சில நாள் சுருண்டுக்குவா. சுருண்டா சொல்லிடறா, இப்ப.

— அது போதும். வார்டுல?

— அதைச் சொன்னா நான் பெருமை அடிக்கறேன்னு சொல்வீங்க.

— கண்டிப்பா சொல்வேன். நீங்க சொல்லுங்க.

— முதல் நாள். உள்ள போறா, எல்லாரும் தெரியாத மாதிரி அவங்கவங்க வேலையைப் பாக்கறாங்க. யாரும் கண்ணைப் பாக்கல. இவளுக்கு அப்படியே திரும்பிடலாம்னு இருந்திருக்கு. அப்ப கடைசிக் கட்டில்ல ஒரு ஆளுக்கு அந்த மாதிரி மருந்து போடணும். புதுசா வந்த நர்ஸு. பக்கத்துலயே ரெண்டு பேர் நிக்கறாங்க, அவங்களைக் கூப்பிடலாம்ல? கூப்பிடல. அந்தக் கோடியிலேர்ந்து, வார்டு முழுக்கக் கேக்கற மாதிரி, "ரெட்டைக் கையெழுத்து அக்கா வரட்டும், அவங்க பாத்தாத்தான் நான் குடுப்பேன்"னாளாம்.

— அடி சக்கை.

— இவ போனா. மருந்தைப் பாத்தா. அளவைப் பாத்தா. அந்த ஆளைப் பாத்தா. வாய்விட்டுச் சொன்னா. கையெழுத்து போட்டா. அக்கா, கேலிக்கு வச்ச பேரு அது! அன்னைக்கு வீட்டுக்கு வந்து, ஷூவைக் கூடக் கழட்டாம நின்னுக்கிட்டே சொன்னா. பத்தாவதுல கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினப்ப கூட அந்த முகத்தை நான் பாத்ததில்ல. எனக்குச் சொல்லத் தெரியல. இத்தனை வருஷமா நோயாளிக்குன்னு பிடிச்சு வச்சிருந்த விதி. தன் உயிருக்கு ஆபத்துன்னு வந்தப்ப அதையே எடுத்து, ஒரு வார்த்தை மாத்தாம, தனக்கே போட்டுக்கிட்டாளே! எத்தனை பேருக்கு வரும் அது? என் வயசுல எனக்கு வராது.

— வராது. காமாலைதான் வரும்.

— கிண்டல் பண்ணுங்க. இன்னைக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

— டீச்சர், இந்தாங்க, என் கை. எனக்கு ஊசின்னா அலர்ஜி. ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே மயக்கம் வரும். ஆனா போன மழைக்காலத்துல பத்து நாள் நம்ம சிஸ்டர் கையால போட்டுக்கிட்டேன். நாளைக்கும் நீட்டுவேன். அப்புறம் வக்கீல் நீட்டுவாரு, நான் நீட்ட வைப்பேன். தொட்டிக்குள்ள இறக்கினவளுக்கு இது பெரிசா?

— வக்கீல்கிட்ட சொல்வீங்களா?

— சொல்லணுமா, வேணாமா? உங்க உத்தரவு.

— சொல்லுங்க. ஆனா சரியாச் சொல்லுங்க. பைத்தியம்னு சொல்லாதீங்க. பாவம்னும் சொல்லாதீங்க, அது அதைவிட மோசம். அவளுக்கு உடம்பு சரியில்லாம இருந்தது, ஆபத்தான நேரத்துல இன்னொருத்தரைக் கூப்பிட்டா, இப்ப வேலைக்குப் போறா. இவ்வளவுதான். ஒண்ணும் கூட்டக் கூடாது, ஒண்ணும் குறைக்கக் கூடாது.

— உடம்பு சரியில்லாம இருந்தது. இன்னொருத்தரைக் கூப்பிட்டா. வேலைக்குப் போறா. சரியா?

— சரி.

— ரொம்பச் சின்னதா இருக்கு. என் தொழிலுக்கே அவமானம். பரவால்ல, எழுந்திருங்க. கிளம்பலாம்.

— நீங்களுமா?

— பின்ன? பாதி சேதியை வச்சுக்கிட்டு மீதியை நானே போட்டு நிரப்பறதுக்கா? நேர்ல கேட்டாத்தான் கூட்டாம குறைக்காம சொல்ல முடியும். இந்தச் சீப்பை எடுங்க, பின்பக்கம் குருவிக்கூடு மாதிரி இருக்கு. கண்ணைத் துடைங்க. முன் வரிசை ஆளு நீங்க.

— சீவிட்டேன்க்கா. அவ பேசும்போது அத்தனை பேரும் திரும்பி என்னைப் பாப்பாங்க.

— பாக்கட்டும். நிமிந்து உக்காருங்க. எவளாவது ஒரு மாதிரி பாத்தா என்கிட்ட காட்டுங்க, அவ வீட்டுக் கதை பூரா ரெண்டே நாள்ல எடுத்துடறேன். படி பாத்து. லிஃப்ட் இன்னைக்கும் ஓடல. சங்கத்துக்கு மாசா மாசம் காசு வாங்க மட்டும் தெரியுது.

— அக்கா, ஒரு நிமிஷம். கீழ போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இன்னைக்கு இவ்வளவு பெரிய மனசோட கேட்டீங்க. எனக்கு உங்க மேல இருந்த கோவமெல்லாம் போச்சு. ஆனா அவ இப்ப நல்லா தேறிட்டு வரா. காலைல, பதினோரு மணிக்கு, மதியத்துக்குன்னு நீங்க வந்து மணி அடிக்கறது இருக்கே, லீவு நாள்லயாவது அதைக் கொஞ்சம் நிறுத்திக்கக் கூடாதா?

— நிறுத்த முடியாது.

— ஏன்க்கா? கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன்.

— கையை இறக்குங்க டீச்சர், படி வழுக்கும். அதை நிறுத்தச் சொல்ல வேண்டியது நீங்க இல்ல. அம்மா ஸ்கூலுக்குப் போனதும் வந்து தட்டுங்க, நான் மூஞ்சியைக் காட்டற வரைக்கும் போகாதீங்கன்னு ரெண்டு மாசம் முன்னாடி என் கதவைத் தட்டிச் சொன்னதே அவதான்.